முதல் சாய்ஸ்

1999-இல் அறந்தாங்கியிலிருந்து ஒரு பெண் கிண்டி பொறியியல் கல்லூரிக்கு ஆசைப்பட்டால், தனக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்று அவள் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை. அந்த வேலையை ஊர் எடுத்துக்கொள்ளும். மளிகைக் கடைக்காரர், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் சார், எதிர்வீட்டு ரிட்டயர்டு தாசில்தார், மாதம் ஒருமுறை வந்து போகும் பெரியப்பா என்று அதற்கு ஆட்கள் உண்டு. "கிண்டியா? மெட்ராஸ் பிள்ளைகளுக்கே அங்க கெடைக்கிறது குதிரைக்கொம்பு" என்று தாசில்தார் சொன்னதில் எங்கள் தெரு மொத்தத்துக்கும் உடன்பாடு. அப்பாயி மட்டும் ஒருபடி மேலே போய், கிடைத்துவிட்டால் என்ன ஆகும் என்று கவலைப்பட்டாள். "கெடச்சுத் தொலச்சா அம்புட்டுத் தூரம் ஆரு போயி விட்டுட்டு வர்றது?"

இத்தனை பேர் சேர்ந்து சந்தேகப்பட்டதில் எனக்கென்று மிச்சம் எதுவும் இருக்கவில்லை. வேறு வேலை இல்லாததால் படித்தேன்.

கணக்கு சார் ஒருவர்தான் "போட்டு வை" என்றார். "கெடைக்கலேன்னா அப்ளிகேஷன் காசுதான போகும்?" அந்தக் காலத்தில் ஊக்கம் இந்த அளவில்தான் விநியோகமானது. சித்தப்பா, எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' புத்தகத்தைப் பாதிக்குமேல் சிவப்புப் பேனாவில் அடிக்கோடிட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். எனக்குத் தாழ்வு மனப்பான்மை இருக்கிறது என்பது அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1984-இல், நேர்முகத் தேர்வை எடுத்துவிட்டுக் கொண்டுவந்த நுழைவுத் தேர்வு அப்போது உயிரோடு இருந்தது. ப்ளஸ் டூ மதிப்பெண்ணைச் சுருக்கி 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300-க்கு கட்-ஆஃப். எனக்கு 281-உம் சொச்சமும் வந்தது. அது நல்ல மார்க்கா, சுமாரா என்று சொல்ல ஆளில்லை. போன வருஷம் கிண்டியில் எந்தப் பிரிவு எத்தனையில் முடிந்தது என்பதை, தஞ்சாவூரில் படித்துக்கொண்டிருந்த யாரோ ஒருவருடைய மச்சினன் சொன்னதாக பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கேட்டுக்கொண்டு வருவார் அப்பா. ஒரு நாள் அது 275. மறுநாள் 292. எண் எதுவும் நிலைக்காததால் ஆசைப்படுவதற்குத் தடையும் இருக்கவில்லை.

தடை இருந்ததெல்லாம் பச்சை மையில்தான். சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல், நன்னடத்தைச் சான்று எல்லாவற்றின் நகலிலும் கெஜட்டட் ஆபீசர் ஒருவர் பச்சை மையில் கையெழுத்திட்டு, 'உண்மை நகல்' என்று முத்திரை குத்த வேண்டும். ஊரில் லேசில் அணுகக்கூடிய கெஜட்டட் ஆபீசர் கால்நடை மருத்துவர். தாலுகா ஆபீசில் ஒரு நாள் முழுக்க நிற்பதைவிட மாட்டாஸ்பத்திரியில் அரைமணி நேரம் நிற்பது மேல் என்பது அப்பாவின் கணக்கு.

நாங்கள் போனபோது டாக்டர் தோள்வரைக்கும் உறை மாட்டிக்கொண்டு ஒரு பசுவுக்குச் சினைப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். "இரும்மா, வர்றேன்" என்றார் கையை வெளியே எடுக்காமலே. பசுவின் சொந்தக்காரரிடம் "மூணு மாசம்" என்று சொல்லிவிட்டு, தொட்டித் தண்ணீரில் லைஃபாய் போட்டு முழங்கைக்கு மேலே தேய்த்துத் தேய்த்துக் கழுவி, வேட்டித் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"கணக்குல 196-ஆ?"

"ஆமா சார்."

"நாலு எங்க போச்சு?"

அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எந்தக் காலேஜ் என்று கேட்டார், சொன்னோம். ஸ்டாம்ப் பேடு காய்ந்துபோயிருந்தது. முத்திரைக் கட்டையில் வாயை வைத்து 'ஹா' என்று ஊதி அழுத்திக்கொண்டே, "எதுக்கும் வெட்னரிக்கும் ஒண்ணு போட்டு வைங்க" என்றார். சந்தேகம் அரசு முத்திரையோடு சேர்ந்தே வந்தது.

ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு 1997-இல்தான் தொடங்கியிருந்தது. தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் படிக்க நினைத்த எல்லோரும், எந்த மூலையில் இருந்தாலும், அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் வர வேண்டும். ராத்திரி பஸ் ஏறி, விடியற்காலையில் தாம்பரத்தில் இறங்கி, கட்டணக் கழிப்பிடத்தில் பல் தேய்த்து, இட்லி சாப்பிட்டுவிட்டு கிண்டிக்கு மின்சார ரயில் பிடித்தோம். அப்பாவின் சட்டைப் பையில் டி.டி. இருந்தது. பையில் கையை வைத்தபடியே அவர் நடந்தார்.

அரங்கத்தில் திரையைப் பார்த்து உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு கல்லூரியின் பெயருக்கும் எதிரே, பிரிவுவாரியாக, எந்த ஒதுக்கீட்டில் எத்தனை இடம் மிச்சம் என்ற எண்கள். உள்ளே யாரோ ஒருவர் வாயைத் திறந்து ஓர் இடத்தைச் சொன்னால் வெளியே ஓர் எண் ஒன்று குறையும். எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தகப்பனார் ஒருவர் நாற்பது பக்க நோட்டில் கட்டம் போட்டு, பென்சிலால் அடித்து அடித்து எழுதிக்கொண்டிருந்தார். கிண்டியில் ஓர் எண் பூஜ்யமாகும்போதெல்லாம் அரங்கத்தில் 'ச்சு' என்று ஒரு சத்தம் எழும். அதில் எங்கள் அப்பாவின் குரலும் சேர்ந்திருந்தது. எனக்குக் கிடைக்கும் என்று அவர் நம்பியது அந்தச் சத்தத்தில்தான் எனக்குத் தெரியவந்தது. வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

என் முறை வந்து உள்ளே போனபோது பெரியப்பா எழுதிக்கொடுத்த பட்டியல் அப்பா கையில் இருந்தது. பொம்பளைப் பிள்ளைக்கு மெக்கானிக்கல் ஆகாது, சிவில் வெயிலில் நிற்க வேண்டும், மைனிங் பேச்சையே எடுக்கக் கூடாது என்று ஓரத்தில் குறிப்புகள் வேறு. கணினிக்கு முன்னால் இருந்தவர் "சொல்லுங்கம்மா" என்றார். திரையில் கிண்டிக்கு நேரே எங்கள் வகுப்புக்கு ஒன்றிரண்டு பிரிவுகளில்தான் இடம் இருந்தது. அதில் ஒன்று பிரிண்டிங் டெக்னாலஜி.

"அது என்னங்க, பிரஸ்ஸா?" என்றார் அப்பா. அறந்தாங்கியில் பிரிண்டிங் என்றால் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை. இதற்கு நாலு வருஷமா என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"கிண்டி சார்" என்றார் கணினிக்காரர். வேறு விளக்கம் எதுவும் தரவில்லை. தேவையும் இருக்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் அப்பா கல்லூரியின் பெயரைச் சொன்னார், பிரிவின் பெயரைச் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் அதுவும் வெளியே வந்துவிட்டது. தாசில்தார் தன் சந்தேகத்தைக் கைவிடவில்லை, இடம் மாற்றிக்கொண்டார். "கிண்டி சரி. பிரஸ் வேலைக்கு ஆரு பொண்ணக் கட்டுவா?" அப்பாயி மட்டும் அழுதாள், விட்டுவிட்டு வர ஆள் கிடைத்துவிட்டதால்.

அந்தக் கல்லூரி 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது என்பதை முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்கள். ஏ. லலிதாவைப் பற்றிச் சொன்னவர்கள் யாரும் இல்லை. வேலைக்குப் போன பிறகு எங்கோ படித்துத் தெரிந்துகொண்டேன். பதினெட்டு வயதில், கைக்குழந்தை இருக்கும்போதே கணவரை இழந்து, பிறகு கிண்டியில் சேர்ந்து, எலெக்ட்ரிக்கல் படித்துப் பட்டம் வாங்கியவர். கூடவே பி.கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்று சிவில் படித்த இரண்டு பேர். 1940-களின் தொடக்கத்தில் அவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும்போது, ஆண்பாலில் அச்சடித்திருந்த இடத்தைப் பேனாவால் அடித்துப் பெண்பாலாகத் திருத்திக் கொடுத்தார்களாம். பிரிண்டிங் படித்தவள் என்ற முறையில் அந்தப் பிழைதிருத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர்களைச் சந்தேகப்பட்டவர்கள் எத்தனை ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்தால் எங்கள் தெரு ஒன்றுமே இல்லை.

இனி இப்போதைய கதை.

என் மகள் சென்னையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவள். அவள் இன்ஜினியரிங் படிக்கப் போகிறாள் என்று சொன்னபோது எதிர்வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே எங்களுக்குத் தெரியாது. அறந்தாங்கியில் எண்பதை நெருங்கும் அவளுடைய தாத்தா, "நம்ம பிள்ளைக்குக் கெடைக்காம வேற யாருக்குக் கெடைக்கும்?" என்கிறார். அவள் அப்பா "யூ கேன் டூ இட்" என்று அலுவலகத்திலிருந்து வாட்ஸப் அனுப்புகிறார். பள்ளிக்கூடத்தில் மாதம் ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர் வந்து போனார். சந்தேகப்பட ஒரு நாதியில்லாமல் நின்றாள் பிள்ளை. வேறு வழியின்றி அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டதை, எந்த வேலையையும் போலவே, முழுமூச்சாகச் செய்தாள்.

எங்கள் ஊர் சந்தேகத்துக்குத் துல்லியம் கிடையாது. "கஷ்டம்" என்பதோடு முடிந்துவிடும். இவளுடையதில் தசமப் புள்ளிக்குப் பிறகு ஏழு இலக்கம். ஜே.இ.இ. மெயின் மதிப்பெண்ணை அப்படித்தான் தருகிறார்கள். பத்து லட்சம் பேருக்கு மேல் எழுதும் தேர்வில் ஒரே மதிப்பெண்ணில் நிறையப் பேர் வந்து முட்டிக்கொள்ளாமல் இருக்க அது வேண்டும். பெர்சன்டைல் 94-க்கு மேல் வந்திருந்தது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பின்னால் தள்ளியிருக்கிறாயே என்றேன். "எனக்கு முன்னால அறுபதாயிரம் பேருக்கு மேல நிக்கிறாங்கம்மா" என்றாள். கணக்கு சரிதான். எனக்கு முன்னால் நின்றவர்களில் எனக்குத் தெரிந்தது புதுக்கோட்டை வக்கீல் மகன் ஒருவனைத்தான். அவனையே மூன்று மாதம் வெறுக்க முடிந்தது. அறுபதாயிரம் பேரை எப்படி வெறுப்பது?

அடுத்து தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கலந்தாய்வு. நுழைவுத் தேர்வு 2007-லேயே போய்விட்டது. இப்போது கணக்கு 100, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பது, ஆக 200. இவளுக்கு 196.5. தாத்தாவுக்கு போன் போட்டபோது, "மூணரைதான போச்சு, அப்புறம் என்ன?" என்றார் (நாலு எங்கே போச்சு என்று கேட்ட டாக்டரை அவர் மறந்துவிட்டார்). அவள் அந்த மூன்றரையிலேயே குடியிருந்தாள். 200-க்கு 200 வாங்குகிறவர்களே பல பேர் இருக்கிறார்கள். ஒரே கட்-ஆஃப் வந்தால் முதலில் கணக்கு மார்க்கைப் பார்ப்பார்கள், பிறகு இயற்பியல், பிறகு நான்காவது பாடம், பிறகு யார் வயதில் மூத்தவர் என்று. அதுவும் ஒன்றாக இருந்தால் கணினி போட்டுக் கொடுத்த ரேண்டம் எண். பத்து இலக்கம். என் மகளுக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது. ரேண்டம் எண் வந்த அன்று மட்டும் முகம் கழுவிவிட்டு வந்து திறந்தாள். அதற்குப் பிறகு, பிப்ரவரியில் பிறக்காமல் ஜனவரியில் பிறந்திருக்கக் கூடாதா என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

பச்சை மை இப்போது இல்லை. 2014 வாக்கில் சுய சான்றொப்பமே போதும் என்று மத்திய அரசு சொன்னதிலிருந்து மெல்ல மெல்ல எல்லாம் அப்படியாகிவிட்டது. ஸ்கேன் செய்து, கேட்ட கே.பி.க்குள் சுருக்கி ஏற்றினால் முடிந்தது. நம்மை நாமே உண்மை என்று சொல்லிக்கொள்ள வேண்டும். மாட்டாஸ்பத்திரிக்குப் போக வேண்டாம். ஆனால் அந்த டாக்டர் ஒரே ஒரு தடவை கேட்ட கேள்வியை இவள் தன்னிடம் ராத்திரி பகலாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கும் முயன்று பார்த்தாள். அங்கே மார்க் மட்டும் போதாது. உன்னைப் பற்றி 500 சொற்களில் எழுது, நீ யார், உன்னைத் தனித்துவமாக்குவது எது, ஏன் எங்கள் கல்லூரி? எனக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. நான் யார் என்பதைத் தலைமையாசிரியர் ஒரு வரியில் முடித்துவிட்டார். நடத்தை நன்று. அதே வரிதான் என் வகுப்பில் எல்லோருக்கும், மூன்று தடவை சஸ்பெண்டான பையனுக்கும்கூட. எங்கள் ஊரில் தன்னைப் பற்றித் தானே இரண்டு நல்ல வார்த்தை பேசிய பிள்ளையை "வாயாடி" என்பார்கள். அந்த வளர்ப்பில் கொஞ்சத்தை நானும் இவளுக்குக் கொடுத்திருப்பேன் போல. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். எட்டிப் பார்த்தால் ஒரு வரி இருக்கும். தேநீர் கொண்டுவருவதற்குள் அது அழிந்திருக்கும்.

"எனக்குன்னு என்னம்மா இருக்கு? மத்தவங்கல்லாம் டிரஸ்ட் நடத்துறாங்க."

"பதினேழு வயசுலயா?"

"ஆப் பண்றாங்க. கடல் ஆமையக் காப்பாத்துறாங்க."

நீயும் போன வருஷம் கடற்கரையில் ராத்திரி ஆமை நடை போனாயே என்றேன். "அது சும்மா வேடிக்கை பார்க்கப் போனது" என்றாள். வேடிக்கை பார்த்ததை வேடிக்கை பார்த்தேன் என்றே எழுதும் நேர்மை அவளுக்கு இருந்தது. அந்த 500 சொற்களுக்கு அது உதவவில்லை. கடைசித் தேதி போன பிறகு முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. நிராகரிக்கும் சிரமத்தை அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வைக்காமல் இவளே பார்த்துக்கொண்டாள்.

அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போகும் வழக்கம் 2018-இல் நின்றுவிட்டது. எல்லாம் இணையத்தில். அரங்கம் இல்லை, திரை இல்லை, 'ச்சு' சத்தம் இல்லை. டீக்கடையில் 275-ஆ 292-ஆ என்று அலைய வேண்டாம். எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்த வகுப்புக்கு எத்தனையில் முடிந்தது என்பது வருஷவாரியாகக் கிடைக்கிறது. அதை எக்செல்லில் போட்டு, கிடைக்கும் என்பதற்குப் பச்சை, கிடைக்கலாம் என்பதற்கு மஞ்சள், கிடைக்காது என்பதற்குச் சிவப்பு பூசியிருந்தாள். கிண்டி எலெக்ட்ரிக்கல் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு நிறத்தில் இருந்தது. அதுதான் அவளுக்கு வேண்டியது. எட்டாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

விருப்பப் பட்டியலைப் பார்த்தேன். கிண்டி எலெக்ட்ரிக்கல் பதினான்காவது இடத்தில் இருந்தது.

இந்தப் பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்களுக்காக: தரவரிசைப்படி உங்கள் முறை வரும்போது கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே படிக்கும். ஒன்றாவதில் இடம் இருந்தால் கொடுத்துவிடும், இல்லாவிட்டால் இரண்டாவதைப் பார்க்கும், அதுவும் இல்லாவிட்டால் மூன்றாவது. கிடைக்காத கல்லூரியை உச்சியில் போட்டதற்காக எந்தத் தண்டனையும் கிடையாது. அதனால் வாய்ப்பைப் பார்க்காமல் ஆசைப்படியே வரிசைப்படுத்த வேண்டும். இதைத் தோழிகள் நாலு பேருக்கு கான்ஃபரன்ஸ் காலில் அழகாக விளக்கியவளே என் மகள்தான்.

"தெரியும்மா" என்றாள். "ஆனா மேல போட ஒரு மாதிரியா இருக்கு."

"யாரு பார்க்கப் போறா? கம்ப்யூட்டர்தான?"

"அதுக்குத்தான்."

கம்ப்யூட்டர் சிரிக்காது என்றேன். அப்ளிகேஷன் காசுகூட ஏற்கெனவே போய்விட்டது, இனிப் போக ஒன்றும் இல்லை என்றேன். தாத்தாவிடம் போனைக் கொடுத்தேன். அவர் ஐந்து நிமிடம் கிண்டியின் செங்கல் கட்டடத்தைப் பற்றியும், அன்றைக்கு அரங்கத்தில் நாற்பது பக்க நோட்டோடு உட்கார்ந்திருந்தவரைப் பற்றியும் பேசினார். கடைசி நாள் மாலை 5 மணிக்குப் பட்டியல் மூடிவிடும். நாலே முக்காலுக்கு இழுத்து மேலே கொண்டுவந்தாள். பதினான்கிலிருந்து ஒன்பது. ஒன்பதிலிருந்து ஆறு. பிறகு மூன்று. மூன்றில் கை நின்றுவிட்டது.

"ஒண்ணாவது ரொம்ப ஓவர்மா. மேல ரெண்டு சேஃபா இருக்கட்டும்."

இடஒதுக்கீடு வந்தது. முதல் சாய்ஸே கிடைத்திருந்தது: கோயம்புத்தூரில் ஒரு நல்ல கல்லூரி, அதே எலெக்ட்ரிக்கல். தற்காலிக ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டு, இதைவிட மேலான விருப்பம் காலியானால் அங்கே மாறிக்கொள்கிறேன் என்று சொல்ல 'அக்செப்ட் அண்ட் அப்வர்ட்' என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதல் இடத்தில் இருப்பவளுக்கு அதற்கு மேலே எது? அன்று ராத்திரி தோழி ஒருத்தி அழைத்தாள். எங்கள் வகுப்புதான், தரவரிசையில் இவளுக்குப் பின்னால் இருந்தவள், கட்-ஆஃப் 196. அவளுக்குக் கிண்டி எலெக்ட்ரிக்கல். "ஏய் சூப்பர்டீ!" என்று இவள் கத்தியது கூடம்வரை கேட்டது. போனை வைத்துவிட்டு எக்செல்லைத் திறந்து, அந்தக் கட்டத்துக்குப் பச்சை பூசினாள். "டேட்டா சரியா இருக்கணும்ல" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் அறந்தாங்கியில் அப்பா தெருவுக்கு மைசூர்பாகு கொடுத்துவிட்டார். தாசில்தார் இப்போது இல்லை. அவருடைய மகனே நேரில் வந்து கை குலுக்கிவிட்டுப் போனாராம். "முதல் சாய்ஸே கெடைக்கிறதுன்னா சும்மாவா சார்? அந்தக் காலத்துல உங்க பொண்ணுக்கே பிரஸ்ஸுதான கெடைச்சுச்சு."